மூவொரு கடவுள்மேல் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஞானத்தகப்பனாக நிற்கலாமா?

கேட்டவர் மூக்கையூர்க்காரர். கீழக்கரையில் ஒரு கடையில் வேலை. கூட வேலை பார்க்கும் பையன்கள் அசர் தொழுகை முடிந்து வந்து டீ குடிக்கும் நேரத்தில் பேச்சோடு பேச்சாகக் கேட்கிறார்கள்: “ஈசா நபி தோட்டத்துல அழுது துஆ கேட்டாங்கன்னு உங்க பைபிளே சொல்லுதே. அவங்களே இறைவன்னா யார்கிட்ட கேட்டாங்க மாப்ள, தன்கிட்டயேவா?” இவரிடம் பதில் இல்லை. ஊருக்குப் போனபோது சாமியாரிடம் கேட்டிருக்கிறார். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது மறைபொருள், ஆராயாமல் நம்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதற்கிடையில் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம் வருகிறது, பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் இவர்தான். பிதாவை நம்புகிறாயா, சுதனை நம்புகிறாயா, தூய ஆவியை நம்புகிறாயா என்று மூன்று தடவை கேட்பார்கள். “வாய் நம்புறேன்னு சொல்லும், மனசு சொல்லாது. அது பொய்ச்சத்தியம் இல்லையா?” இதுதான் அவர் கேட்டது.

தம்பி, நிற்கலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் “சும்மா சொல்லிட்டு வா, யாரு பார்க்கப்போறா” என்ற அர்த்தத்தில் இல்லை. அந்த மூன்று கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், உன் மனசு எதை மறுக்கிறது, எதை மறுக்கவில்லை என்பது உனக்கே பிரிந்து தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுத்துக்கொள்.

மறைபொருள் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பேச்சின் முடிவில் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே சொன்னால் கேட்டவன் வாயை அடைத்தது போலாகிவிடும். பெந்தகோஸ்துக்கு அடுத்த ஞாயிறு, மூவொரு கடவுள் பெருவிழாவில், நம் கடற்கரைக் கோயில்களில் அடிக்கடி கேட்கிற பிரசங்கம் ஒன்று உண்டு. பழைய திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீனார், மூவொரு கடவுளைப் புரிந்துகொள்ள யோசித்தபடி கடற்கரையில் நடந்து போனாராம். ஒரு சிறுவன் கிளிஞ்சலால் கடல் தண்ணீரை அள்ளி அள்ளி மணல் குழியில் ஊற்றினானாம். “முடியாதே” என்றாராம். “நீர் நினைப்பதும் முடியாது” என்று சொல்லி மறைந்தானாம். கடல் வருகிற கதை என்பதால் நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அகுஸ்தீனார் எழுதிய எதிலும் இது கிடையாது. அவர் 430-இல் இறந்து பல நூற்றாண்டு கழித்து மத்தியகால ஐரோப்பாவில் கிளம்பிய கதை. நிஜமான அகுஸ்தீனார் அந்தச் சிறுவன் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போகிற ஆளே இல்லை. இந்த ஒரே விஷயத்தைப் பற்றி 15 புத்தகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை ஏறத்தாழ 20 ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். அதிலேயே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்: மூன்று என்கிறோம், மூன்று என்ன என்று கேட்டால் மனிதப் பேச்சு திணறுகிறது, ‘மூன்று ஆட்கள்’ என்பது விளக்கிவிட்டோம் என்பதற்காக இல்லை, வாய்மூடி இருந்துவிடக் கூடாது என்பதற்காக. கேட்டவனை விரட்டாத மறைபொருள் என்றால் அதுதான். எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டு அதற்கப்புறம் நிற்பது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உன் கூட்டாளிகள் மனதில் இருக்கிற படம் இப்படித்தான் இருக்கும், உன் மனதிலும் அதுவேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்: சில பெரிய மனிதர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, மூன்றும் ஒன்று, ஒன்றும் மூன்று என்று ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள், பிறகு சனங்களை அப்படியே ஜெபிக்கச் சொன்னார்கள். நடந்தது தலைகீழ். சனங்கள் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜெபம் சரியா, சிலைவழிபாடா என்று கேள்வி வந்தபோதுதான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். காலையும் மாலையும் “இஸ்ரயேலே, கேள்! நம் ஆண்டவராகிய கடவுள் ஒருவரே ஆண்டவர்” (இணைச்சட்டம் 6:4) என்று ஓதி வளர்ந்தவர்கள். ஏக இறைவன் என்ற பிடிமானத்தில் கீழக்கரைப் பையன்களுக்கு அவர்கள் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. அந்த வம்சத்தில் வந்த பவுல், இயேசு சிலுவையில் இறந்து ஏறக்குறைய 25 ஆண்டுக்குள் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதுகிறார் (1 கொரிந்தியர் 8:6): நமக்குக் கடவுள் ஒருவரே, அவர் தந்தை, அவரிடமிருந்தே எல்லாம் வந்தன, ஆண்டவர் ஒருவரே, அவர் இயேசு கிறிஸ்து, அவர் வழியாகவே எல்லாம் வந்தன. மறுபடி வாசித்துப் பார். அந்த யூத ஜெபத்தில் இருக்கும் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ இரண்டையும் எடுத்து, ஒன்றைத் தந்தைக்கும் மற்றதை இயேசுவுக்கும் கொடுக்கிறார். ஜெபத்துக்கு வெளியே இரண்டாவது தெய்வம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவில்லை. ஒருவரே என்கிற அந்த வாக்கியத்துக்கு உள்ளேயே இயேசுவை வைக்கிறார். இதை அவர் வாதாடி நிறுவவுமில்லை. சிலைக்குப் படைத்த கறியைச் சாப்பிடலாமா என்ற சச்சரவுக்குப் பதில் சொல்லும்போது, எல்லாருக்கும் தெரிந்த சங்கதி போலச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு மூவொரு கடவுள் பற்றி விவிலியத்தில் எந்த இடம் முக்கியம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வெளியாள் சாட்சியும் உண்டு. 112 வாக்கில் பித்தினியா நாட்டு ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிடித்து விசாரித்த கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறார்: குறித்த நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடினார்களாம். எழுதியவர் நம் ஆள் இல்லை, கிறிஸ்தவர்களைத் தண்டித்தவர். பின்னால் ஆயர்களின் பெரிய சங்கம் கூடிய நீசேயா நகரம் அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. அதாவது சங்கம் கூடுவதற்கு 200 ஆண்டுக்கு முன்பே, அதே மண்ணில், சாதாரண சனம் இயேசுவைப் பாடிக் கும்பிட்டிருக்கிறது.

நம் கடற்கரையிலும் வழிபாடுதான் முந்தி வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழ் தெரிந்த சிலரை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கினார். 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். முதலில் சிலுவை அடையாளம், மூன்று ஆட்கள், கடவுள் ஒருவரே என்ற அறிக்கை, அடுத்து, எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம். கூட்டத்தைச் சேர்த்து, தான் சொல்லச் சொல்ல எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் போவதை நம் பாட்டனார்கள் அன்றைக்குப் பழகினார்கள். விளக்கம் மட்டும் 480 ஆண்டாகியும் பல ஊர்களுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த மண்டபக் கூட்டம் எதற்காக என்று இப்போது பார். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு குரு. நல்ல பேச்சாளர். கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, மகன் படைப்புகளில் முதலானவர், மேலானவர், ஆனாலும் படைப்புதான், அவர் இல்லாதிருந்த ஒரு கட்டம் உண்டு என்று போதித்தார். அதைப் பாட்டாகவும் கட்டினார். கப்பலில் போகிறவர்கள், மாவு அரைக்கிறவர்கள், வழிப்போக்கர்கள் பாடுவதற்கென்றே அவர் பாட்டு எழுதியதாகப் பழைய வரலாற்றாசிரியர் பிலஸ்தோர்ஜியுஸ் சொல்கிறார். சனங்களைப் பிடிக்கும் வழி அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கையில் வசனமும் இருந்தது: “தந்தை என்னைவிடப் பெரியவர்” (யோவான் 14:28). சண்டை பரவியதும் கான்ஸ்தந்தீன் மன்னர் 325-இல் நீசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். ஒளியிலிருந்து ஒளி, உண்மைக் கடவுளிலிருந்து உண்மைக் கடவுள், படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று ஞாயிறு பூசையில் நாம் சொல்கிறோமே, அந்தப் பகுதி அங்கே பிறந்தது. கையெழுத்துப் போட மாட்டோம் என்று ஆரியுஸோடு நின்ற ஆயர்கள் இரண்டே பேர்.

“அரசன் அதிகாரத்தால் ஓட்டுப் போட்டு ஏசுவைக் கடவுளாக்கினான்” என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, உனக்கும் வந்திருக்கும். அந்த அரசனுக்கு இதில் அப்படி ஒரு பற்றே இல்லை. சில ஆண்டுகளிலேயே ஆரியுஸைத் திரும்ப அழைத்தார். நீசேயாவுக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரை 335-இல் நாடு கடத்தினார். 337-இல் சாகும் தருவாயில் ஞானஸ்நானம் வாங்கியதும் ஆரியுஸ் பக்கம் சாய்ந்த ஆயர் ஒருவரிடம்தான். அவர் மகன் கான்ஸ்தான்சியுஸ் வெளிப்படையாகவே ஆரியுஸ் கட்சியைத் தாங்கினார். அத்தனாசியார் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறக்குறைய 17 ஆண்டு ஊர் விட்டு ஊர். அரச அதிகாரம்தான் முடிவு செய்திருக்கும் என்றால் இன்றைக்கு நாமெல்லாம் ஆரியுஸ் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்போம்.

அத்தனாசியார் விடாமல் பிடித்த நியாயம் எளிது. மகன் படைப்பு என்றால் நாம் இத்தனை நாளும் படைப்பைக் கும்பிட்டிருக்கிறோம். அது சிலைவழிபாடு. படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்துவைக்கவும் முடியாது. ஒன்று, இயேசுவைக் கும்பிடுவதை நிறுத்து; இல்லை, அவர் கடவுள் என்று ஒப்புக்கொள். ஆரியுஸ் இரண்டையும் செய்யவில்லை. படைப்பு என்றும் சொன்னார், கும்பிடவும் சொன்னார். உன் கீழக்கரை நண்பர்கள் இதில் ஆரியுஸைவிடத் தெளிவு: அவர் நபி, ஆகவே கும்பிட மாட்டோம். நான் அந்தத் தெளிவை மதிக்கிறேன்.

ஆக, மூன்று வாக்கியங்கள் சேர்ந்துதான் இந்தப் போதனை. கடவுள் ஒருவரே. தந்தையும் மகனும் ஆவியும் கடவுள். தந்தை மகன் அல்லர், மகன் ஆவி அல்லர். எது ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் சுலபமாகிவிடும். நடுவில் உள்ளதை விட்டால் ஆரியுஸ். இன்று வீடு வீடாகக் காவற்கோபுரம் பத்திரிகை கொண்டுவரும் யெகோவாவின் சாட்சிகளும் ஏறத்தாழ அங்கேதான். முதலாவதை விட்டால் மூன்று தெய்வம். மூன்றாவதை விட்டால் மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட போதனை: ஒரே ஆள், மூன்று தோற்றம்.

இந்த மூன்றாவதுதான் நம் ஊரின் பெரிய வியாதி, ஏனென்றால் மறைக்கல்வியிலேயே அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். “தண்ணிதான் ஐஸா இருக்கு, தண்ணிதான் ஆவியாவும் போகுது, மூணும் ஒண்ணுதானே?” மண்டபம், பாம்பன் ஊர்களில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் போட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும், சட்டென்று தப்பாகவும் புரியும். ஐஸாக இருக்கும்போது அது தண்ணீராக இல்லை. அதே ஆள் ஒரு நேரம் தந்தை, ஒரு நேரம் மகன் என்றால், கெத்செமனித் தோட்டத்தில் நடந்தது நாடகம், தன்னிடமே அழுதிருக்கிறார். உன் கூட்டாளிகள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் உடைத்தது ஐஸை. விசுவாசப் பிரமாணம் அந்த அடியில் சிக்கவே இல்லை. மகன் தந்தையிடம் ஜெபித்தார். மகன் தந்தை அல்லர் என்று சபை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இதையே அவர்களிடம் சொல். ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நாம் சொல்லாததை நாம் சொன்னதாக நினைப்பது நின்றுவிடும்.

அடுத்து உடனே வருவது எனக்குத் தெரியும்: “அப்ப ரெண்டு பேருன்னா ரெண்டு கடவுள்தானே?” நீசா ஊர் ஆயர் கிரகோரியார் நான்காம் நூற்றாண்டிலேயே இதே கேள்விக்கு ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனிதத்தன்மை ஒன்றுதான், இருந்தும் மூன்று மனிதர் என்கிறோம். பிறகு ஏன் மூன்று கடவுள் என்று சொல்வதில்லை? அவர் பதிலின் சாரம்: மனிதர் மூவர் என்றால் மூன்று விதமான செயல், ஒருவன் செய்கிறபோது மற்றவன் தூங்கலாம். கடவுளில் தனித்தனிச் செயல் கிடையாது. எந்தச் செயலும் தந்தையிலிருந்து தொடங்கி, மகன் வழியாக நடந்து, ஆவியில் நிறைவாகிறது. செயல் ஒன்றே ஆனதால் கடவுள் ஒருவரே. இந்தப் பதில் எனக்குப் பாதி நிறைவு தருகிறது. மீதிப் பாதிக்கு, எண்ணுவது என்றால் என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறதைத்தான் கூட்ட முடியும். கடவுள் அந்த மாதிரி வரிசையில் வருகிற ஒன்று இல்லை. இதை உன் நண்பர்களின் அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். இமாம் அபூ ஹனீஃபா பெயரில் வழங்கும் அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு) நூலில், அல்லாஹ் ஒருவன் என்பது எண்ணிக்கை வழியில் இல்லை, இணை இல்லாதவன் என்ற வழியில் என்று இருக்கிறது.

அவர்கள் வீட்டிலும் இதே வகையான திணறல் இருந்திருக்கிறது. 833-இல் கலீஃபா அல் மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று அறிஞர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். படைக்கப்படாத இறைப்பேச்சு என்று ஒன்று இருந்தால் இறைவனோடு இன்னொன்றும் ஆதியிலிருந்து இருப்பதாகிவிடும் என்பது அவர் நியாயம். மர்யமின் மகன் இறைவனின் வார்த்தை என்பதால் படைக்கப்படாதவர் என்கிற கிறிஸ்தவர்கள் மாதிரி நீங்களும் பேசுகிறீர்கள் என்று அவர் கடிதத்தில் ஒரு குத்தல் வேறு. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் சவுக்கடியும் வாங்கினார், வளைந்து கொடுக்கவில்லை. கடைசியில் சுன்னத் ஜமாஅத் ஏற்றுக்கொண்டது அவர் பக்கத்தைத்தான். இறைவனின் பண்புகள் அவனே என்றும் சொல்ல முடியாது, அவன் அல்லாதவை என்றும் சொல்ல முடியாது என்ற அளவுக்கு அஷ்அரி வழி அறிஞர்கள் போனார்கள். இதை வைத்து அவர்களை மடக்கப் பார்க்காதே. இறைப்பேச்சை அவர்கள் ஓர் ஆளாகச் சொல்வதில்லை, அது மனிதனாகப் பிறந்தது என்று சொல்வதில்லை. வித்தியாசம் பெரியது, அப்படியே நிற்கிறது. ஏக இறைவனைப் பற்றி ஆழமாக யோசித்த எவருக்கும் பேச்சு நேர்கோட்டில் போகவில்லை என்பதற்காகத்தான் சொன்னேன்.

குர்ஆன் 5:116-இல், தன்னையும் தன் தாயையும் தெய்வங்களாக எடுத்துக்கொள்ளும்படி சனங்களிடம் சொன்னாயா என்று ஈசா நபியிடம் கேட்கப்படுகிறது. மாதாவைக் கடவுள் என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை. ஆனால் நம் தேர்பவனியை வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த எண்ணம் வந்தால் அவனை மட்டும் குறை சொல்ல முடியுமா என்று நீயே யோசித்துக்கொள்.

இந்தப் பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 781 வாக்கில் பாக்தாதில் கலீஃபா அல் மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமொத்தேயுவும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். கலீஃபாவின் முதல் கேள்வியே, உம்மைப் போல அறிவுள்ளவர் கடவுள் ஒரு பெண்ணைக் கட்டிப் பிள்ளை பெற்றார் என்று சொல்லலாமா என்பதுதான். அப்படிச் சொல்வது இறைநிந்தனை, யார் சொன்னது என்று திமொத்தேயு திருப்பிக் கேட்டார். பேச்சின் முடிவில் அவர் சொன்னது முத்தைப் பற்றி. இருட்டு வீட்டில் நிறையப் பேர் இருக்கும்போது ஒரு முத்து விழுந்தால் ஆளாளுக்குத் தடவி எடுப்பார்கள், எல்லாரும் தன் கையில் இருப்பதே முத்து என்று நினைப்பார்கள், விடிந்தால்தான் யார் கையில் முத்து, யார் கையில் கல் என்று தெரியும் என்றார். அந்த முத்து எங்கள் கையில் இருக்கிறது என்று இறைவன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்றார் கலீஃபா. யாரும் மதம் மாறவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. தலைமுறை தலைமுறையாக முத்து வியாபாரம் பார்த்த கீழக்கரையில் இந்தக் கதையைச் சொன்னால் எடுபடும்.

இப்போது உன் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. மூவர் ஒன்று என்று நேரடியாகச் சொல்கிற வசனம் 1 யோவான் 5:7 என்று பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டாதே. பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் கிடையாது. எராஸ்மஸ் என்ற அறிஞர் தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் 1516-இலும் 1519-இலும் அதைச் சேர்க்கவில்லை. நெருக்கடி வந்த பிறகு 1522-இல் சேர்த்தார். நம் பொதுமொழிபெயர்ப்பில் அந்த வரி இல்லை, இல்லாததே சரி. ஒரு வசனத்தில் தொங்குகிற போதனையாக இருந்திருந்தால் அன்றைக்கே விழுந்திருக்கும்.

எனக்கே இன்னும் முள்ளாகக் குத்துகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளும் வேளையும் தந்தைக்குத்தான் தெரியும், மகனுக்கும் தெரியாது என்று இயேசு சொல்கிறார் (மாற்கு 13:32). மனிதனாக இருந்த நிலையில் தெரியாது என்று சொன்னார் என்பது அத்தனாசியார் காலத்திலிருந்து வரும் பதில். 451-இல் கல்செதோன் சங்கம் இறைத்தன்மை, மனிதத்தன்மை இரண்டும் ஒரே ஆளில் கலக்காமல் பிரியாமல் இருக்கின்றன என்று அறிக்கையிட்டது. அதன் மேல் நின்றால் அந்தப் பதில் தர்க்கத்துக்குச் சரியாகத்தான் வரும். ஆனாலும் ஒரே ஆளுக்கு எப்படித் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் என்று மனசு கேட்கிறது. கேட்கட்டும். மாற்கு இந்த வரியை மறைக்காமல் எழுதினார், சபையும் அதைக் கிழித்து எறியவில்லை. இயேசுவைக் கடவுளாக்க ஆள் வைத்துக் கதை கட்டியிருந்தால் முதலில் நீக்க வேண்டிய வரி இதுதான்.

தூய ஆவி பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. 325-இல் நீசேயாவிலும் “தூய ஆவியையும் நம்புகிறோம்” என்பதோடு நிறுத்திவிட்டார்கள். 381-இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம்தான் ஆண்டவரும் உயிர் அளிப்பவரும், தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனையும் மாட்சியும் பெறுகிறவர் என்று விரித்தது. அங்கேயும் கவனி: ‘கடவுள்’ என்ற பட்டத்தைப் போடாமல், கும்பிடப்படுகிறவர் என்றுதான் எழுதினார்கள். மறுபடியும் வழிபாடே அளவுகோல்.

அந்தக் காலத்து கான்ஸ்தாந்திநோபிள் எப்படி இருந்தது என்றும் நீசாவின் கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். சில்லறை கேட்டால் கடைக்காரன் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறான். ரொட்டி என்ன விலை என்றால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்கிறான். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் மகன் இல்லாமையிலிருந்து உண்டானவர் என்று பதில் வருகிறது. அவருக்கு அது எரிச்சல். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம் ஊர் டீக்கடையில் டீசல் விலையும் இலங்கை நேவியும் தவிர வேறு பேச்சே கிடையாது, அதற்கும் காரணம் இருக்கிறது.

சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் கெட்டவர்களும் இல்லை. திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒரு தமிழர், இங்கிலாந்தில் மூவொரு கடவுளை மறுத்தவர்களின் எழுத்தைப் படித்து மனம் மாறி, சென்னையில் 1795-இல் அந்த வழியில் ஒரு சபையைத் தொடங்கினார். வறுமைப்பட்ட மனுஷன், தானே யோசித்து முடிவுக்கு வந்தவர். அவர் முடிவு எனக்கு ஏற்பில்லை. நேர்மையில் குறை சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் மிக்கேல் செர்வேத்துஸ் இதே மறுப்புக்காக 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். எரித்தது புரொட்டஸ்தாந்துத் தலைவர் கால்வினுடைய ஊர்; அதற்கு முன்பே கத்தோலிக்கர்கள் அவர் உருவப்படத்தை எரித்து முடித்திருந்தார்கள். இந்தப் போதனைக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்காக ஆளை எரித்ததற்கு வெட்கப்படத்தான் வேண்டும்.

இனி ஞானஸ்நானம். உன்னைக் கேட்கப்போகும் மூன்று கேள்விகள் நீசேயாவுக்கும் முந்தியவை. இப்போலித்துஸ் பெயரில் வழங்கும் பழைய வழிபாட்டு நூலில் ஞானஸ்நானம் பெறுபவன் தண்ணீரில் நிற்கிறான்; தந்தையை நம்புகிறாயா என்று கேட்கிறார்கள், நம்புகிறேன் என்றதும் ஒரு முழுக்கு; மகனை, ஒரு முழுக்கு; ஆவியை, ஒரு முழுக்கு. விசுவாசப் பிரமாணமே அந்தக் கேள்விகளிலிருந்து வளர்ந்ததுதான். மூன்று எப்படி ஒன்றாகும் என்று கோயிலில் யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. படைத்த தந்தையை, மரியாளிடம் பிறந்து பாடுபட்டு இறந்து உயிர்த்த மகனை, தூய ஆவியையும் பாவமன்னிப்பையும் நித்திய வாழ்வையும் நம்புகிறாயா என்று கேட்பார்கள்.

இதைத் தப்பிக்கும் சந்தாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நீ கேட்க வேண்டியது வேறொன்று. அப்பா கடலுக்குப் போய்க் காற்று திரும்பிய ராத்திரிகளில் நீ இயேசுவைக் கூப்பிட்டாயா? (அந்தோணியாரை என்பாய். நம் கரையில் அவருக்குத்தான் முதல் விண்ணப்பம். அதை இன்னொரு நாள் பேசலாம்.) இன்றைக்கும் அவரிடம் ஜெபிக்க உன்னால் முடிகிறதா? முடிகிறது, ஆனால் கணக்குதான் இடிக்கிறது என்றால், நீ நிற்கிற இடம் பவுலின் சபை நின்ற இடம். தாராளமாக “நம்புகிறேன்” என்று சொல், அதில் பொய் ஒன்றும் இல்லை. இல்லை, அவர் நல்ல நபி, அவரிடம் ஜெபிப்பதே தப்பு என்று உன் மனசு உண்மையிலேயே முடிவு செய்துவிட்டது என்றால், இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்லாதே.

திருச்சபைச் சட்டம் 874 ஞானத்தகப்பனிடம் கேட்பது 16 வயது நிறைவு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கன், ஏற்கும் பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்க்கை போன்றவை. சந்தேகம் வந்ததே இல்லை என்ற சான்றிதழ் அதில் இல்லை. கேள்வியோடு கூடவே பூசைக்குப் போகிறவன், ஜெபிக்கிறவன் அந்தச் சட்டத்துக்குள் வருகிறான். நாளைக்கு உன் மருமகன் பெரியவனாகி இதே கேள்வியைக் கேட்டால், ஐஸ் கதை சொல்லாத ஒரு தாய்மாமன் அவனுக்கு இருப்பான்.

நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தால் அக்காவிடம் இப்போதே சொல்லிவிடு, விருந்துக்கு ஆள் அழைத்த பிறகு சொல்லாதே. அத்தான் வீட்டில் ஏதாவது பேசுவார்கள். ஞானத்தாய் ஒருத்தி மட்டும் நின்றாலும் போதும் என்று சட்டம் 873 இடம் கொடுக்கிறது என்று எடுத்துச் சொல்.